இடுப்பு மூட்டு: மாற்றுவதா, உறையிடுவதா?

திருப்பலியில் முழந்தாளிட இயலாது, தூணருகே நாற்காலியிட்டு அமரும் முதியோரைப் பங்குதோறும் காண்கின்றோம். அவர்களுள் சிலர்க்குத் தேய்ந்திருப்பது முழங்கால் அன்று, இடுப்பு மூட்டு. முதுமையின் இயல்பு என்று நாமும் ஆறுதல் கூறிவிடுகிறோம். ஆனால், குடும்பத்தைத் தாங்கவேண்டிய நாற்பத்தைந்து வயதில் ஒருவரின் மூட்டு தேய்ந்துபோனால் என் செய்வது? செயற்கை மூட்டைப் பொருத்தினால், அது எத்தனை ஆண்டு உழைக்கும்?

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர், 1950-களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டார். தொடையெலும்பின் தலையை வெட்டி நீக்கி, தண்டுடன் கூடிய உலோகக் குண்டை எலும்பினுள் செருகினார். அது சுழல்வதற்கான கிண்ணத்தை டெஃப்லானால் அமைத்தார். நொண்டி வந்தோர் வலியின்றி நடந்து சென்றனர். ஆயினும் சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தன. ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது! சார்ன்லி தம் தவற்றை மறைத்தாரில்லை. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்தி, சதை படும் பாட்டைச் சோதித்து, முடிவை வெளியிட்டார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்று வழக்கிலுள்ள மூட்டு மாற்று சிகிச்சை அதன் வழிவந்ததே.

எனினும் இளவயதினர்க்கு ஒரு மனக்குறை இருந்தது. எலும்பை வெட்டி எறிந்தபின், அந்த மூட்டும் தேய்ந்தால் மறுமுறை பொருத்த எலும்பு எங்கே? பர்மிங்காம் நகரின் டெரெக் மெக்மின் 1990-களில் விடை கூற முயன்றார். தலையை வெட்டாது, மேற்புறத்தைச் செதுக்கி, அதன்மேல் உலோக உறையைத் தொப்பி போல் கவிழ்த்தார், கிண்ணமும் உலோகமே. இதுவே ரீசர்ஃபேஸிங். எலும்பு மிஞ்சும், குண்டு பெரிதாதலால் எளிதில் நழுவாது, ஓடலாம், விளையாடலாம். 2019 ஜனவரியில் இச்சிகிச்சை பெற்ற டென்னிஸ் வீரர் ஆண்டி மரே, அவ்வாண்டு அக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப் போட்டியில் வென்றார்; 2024 வரை ஆடினார்.

ஒருவரின் வெற்றியைக் கொண்டு எல்லார்க்கும் தீர்ப்பெழுதலாமோ? உண்மையை வெளிக்கொணர்ந்தவை பதிவேடுகளே. சுவீடன் 1979 முதலும், இங்கிலாந்தும் வேல்சும் 2003 முதலும் பொருத்தப்பட்ட மூட்டுகளைக் கணக்கில் வைத்து, எது மறு அறுவைக்கு வருகிறது என்று பார்த்து வருகின்றன. பொறுமை வேண்டும் வேலை. புகழ் தராத வேலை. அக்கணக்கு 2012-இல் வெளியிட்ட முடிவு கடுமையானது. பெரிய மூட்டுத்தலையுடைய ஆண்களுக்கு மட்டுமே உறையிடுதல் வழக்கமான முறைக்கு ஒப்பாய் நின்றது. பெண்களுக்கோ தோல்வி மிகுதி. உலோகம் உலோகத்தோடு உரசும்போது கோபால்ட்டும் குரோமியமும் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. சிலர்க்கு மூட்டைச் சுற்றிய சதை அழிகிறது. எலும்பைக் காக்க வந்த முறை, சிலரிடம் சதையைப் பறித்தது. மறு அறுவை எளிதாயிருக்கும் என்ற நம்பிக்கையும் அவர்களளவில் பொய்த்தது. உறையாகவும் தண்டுடைய பெருங்குண்டாகவும் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட ஒருவகை உலோக மூட்டு, 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. 2015-இல் பர்மிங்காம் மூட்டையும் பெண்களுக்குப் பொருத்தலாகாது என அதன் உற்பத்தியாளரே விலக்கினர்.

பழைய முறையோ வீறாப்பின்றி நின்று உழைத்தது. 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 58 மூட்டுகள் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்துள்ளன. அவை பழைய காலத்து மூட்டுகள். இன்றைய பாலிஎத்திலீன் அதனினும் குறைவாகவே தேய்கிறது.

ஆகவே வலிமையான எலும்புள்ள இளவயது ஆண்மகன், தேர்ந்த கைகளிடம் உறையிடச் செல்லலாம். மற்றையோர்க்குப் பழைய வழியே நலம் என்பது எம் எண்ணம். மருத்துவரிடம், "இந்த மூட்டுக்குப் பத்தாண்டுக் கணக்கு உண்டா?" என்று கேட்கத் தயங்கவேண்டா. பத்தாண்டில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மறு அறுவைக்கு வரலாகாது என்பது 2014 முதல் இங்கிலாந்தின் அளவுகோல். ஏற்கெனவே உலோக உறை பெற்றவர்கள், வலி இல்லையென்று வாளாவிராமல், மருத்துவர் குறித்த நாளில் இரத்தச் சோதனைக்குச் செல்க. சதை கெடத் தொடங்கும்போது வலி எப்போதும் முன்வந்து அறிவிப்பதில்லை.