பந்துக்கு முந்தும் பார்வை

நந்தனத்தில் மவுண்ட் ரோட்டை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ஆம் ஆண்டில் ஸ்தாபித்தார். அக்கல்லூரியின் மைதானமாயினும் சேப்பாக்கமாயினும், கிரிக்கெட் மட்டை பிடிக்கப் பழகும் பிள்ளையின் காதில் முதலில் விழும் உபதேசம், "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்பதாகத்தான் இருக்கும். நல்ல உபதேசந்தான், ஆனால் அதை அட்சரம் பிசகாமல் அநுசரிப்பவனுக்கு வேகப்பந்து அகப்படாது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட பந்து மட்டையாளனை வந்தடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகிறது. கண்டதை மூளை கிரகித்துக் கைக்கு ஆணையிட்டு, அந்தக் கை தன் போக்கை மாற்றிக்கொள்வதற்குள் அதில் ஐந்தில் ஒரு பங்கு விநாடி கழிந்துவிடுகிறது. அப்படியிருக்க, மட்டையாளன் எதைப் பார்த்து அடிக்கிறான்?

மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரு விஞ்ஞானிகள், ஆட்டக்காரர் தலையில் காமிராவைப் பொருத்தி, இயந்திரம் வீசிய பந்துகளை அவர்கள் ஆடுகையில் விழிகள் செல்லும் திசையைப் பதிவு செய்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. பந்து புறப்படும் க்ஷணத்தைக் கண்கள் பார்க்கின்றன. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி, அங்கே அதன் வரவை எதிர்பார்த்திருக்கின்றன. ஆட்டக்காரனின் சாமர்த்தியம் கூடக்கூட இந்தத் தாவல் விரைவில் நிகழ்கிறது.

கண் அறிந்த இடத்தைக் கை அறிவது தனி வித்தை. விழித்திரையில் விழும் பிம்பம், கண்ணும் தலையும் திரும்புந்தோறும் இடம் பெயர்வதாகையால், விழி எப்பக்கம் நோக்குகிறது, தோள் எங்கிருக்கிறது என்பவற்றையும் சேர்த்துக் கணித்தாலன்றிக் கைக்கு அது பயன்படாது. அக்கணிதத்தில் பெரும்பங்கு உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே அமைந்த மூளைப் பகுதியில் நடைபெறுகிறது. அப்பகுதி இருபுறமும் பழுதுபட்ட ஒரு நோயாளியைப் பற்றி, ஹங்கேரி தேசத்து வைத்தியர் பாலிண்ட் 1909-இல் எழுதினார்: அவருக்குப் பார்வை இருந்தது, கையில் பலமும் இருந்தது, எனினும் கண்ணெதிரே உள்ள பொருளைப் பிடிக்க நீட்டிய வலக்கை வேறெங்கோ சென்றது. சிகரெட்டின் நுனியை விட்டு நடுவில் தீ வைப்பாராம், பாவம்!

கணக்குப் பிசகினால் திருத்துவது சிறுமூளையின் உத்தியோகம். காட்சியை ஒருபுறம் ஒதுக்கிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து இலக்கை நோக்கிப் பந்தெறிபவர் முதலில் குறி தவறுகிறார். சில பத்து முறை எறிந்தபின் தேறிவிடுகிறார். கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்புறமாகத் தவறுகிறார். சிறுமூளை பழுதுற்றவர்களில் பலரோ, எத்தனை முறை எறிந்தும் தேறுவதில்லை; கண்ணாடியைக் கழற்றியதும் முதல் வீச்சிலேயே முன்போல எறிகிறார்கள்.