கூடவே குடியிருக்கும் கிருமிகள்

முளாவும் பவனாவும் கூடும் இடத்தை ஒட்டியது புனே பக்கத்துப் பழைய சாங்வி. ஆற்றோர ஈரத்துக்கு மழைக்காலத்தில் எந்தப் பண்டத்தில்தான் பூஞ்சணம் பிடிக்காது? மியூகர் வகைப் பூஞ்சைகளின் நுண்துகளை அங்கும் இங்கும் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம்; ஒன்றும் ஆவதில்லை.

2021 கோடையில் ஆனது. கொரோனா, கட்டுக்கடங்காத சர்க்கரை, அளவு மீறிய ஸ்டீராய்டு மூன்றும் ஓருடம்பில் சேர்ந்தபோது, அதே பூஞ்சை மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. (பெயர்தான் கருப்புப் பூஞ்சை; கருத்தது ரத்தம் ஓடாமல் செத்த சதை.) ஜூலைக்குள் நாடெங்கும் 45,000 பேருக்கு மேல் பாதிப்பு, 4,300 பேருக்கு மேல் சாவு. மகாராஷ்டிரமும் குஜராத்தும்தான் முன்வரிசை. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்காக உறவினர்கள் கடை கடையாக அலைந்தார்கள். வார்தாவில் ஒரு நிறுவனம் அதைத் தயாரித்து, குப்பி 1,200 ரூபாய் என்று அறிவித்ததே தலைப்புச் செய்தி ஆனது.

இப்படி உடம்பு தளரும் சமயம் பார்த்துத் தாக்குவதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் 'சந்தர்ப்பவாதத் தொற்று'. அரசியலில் கேட்டுப் பழகிய சொல். இங்கே இன்னும் கச்சிதம். எய்ட்ஸ் உலகுக்குத் தெரியவந்ததே இப்படி ஒன்றால்தான். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் ஐவருக்கு நியுமோசிஸ்டிஸ் நிமோனியா என்று அறிக்கை வந்தது. அந்தக் கிருமியை அன்று ஒட்டுண்ணி என்றார்கள். 1988இல் மரபணுவைப் பார்த்த பிறகு பூஞ்சையில் சேர்த்தார்கள். குலம் மாறினாலும் தடுக்கும் மாத்திரை மாறவில்லை: மலிவான கோட்ரைமாக்சசோல். சிடி4 என்ற எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போன எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இன்றும் அதுதான் காவல்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. சேற்றில் வெறுங்கால் வழியே ஏறும். குடலில் பொரிக்கும் குஞ்சுப்புழு மறுபடி அதே உடம்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இப்படியே தலைமுறைக் காலம் ஓட்டிவிடும். இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதை போட்ட பிரிட்டிஷ் போர்க் கைதிகள் சிலரிடம் 30 ஆண்டு கழித்தும் அது இருந்தது. அதே பாதை வேலைக்கு அதே சேற்றில் நின்ற தமிழர்கள் எத்தனை பேர் அதைச் சுமந்தார்களோ!

சும்மா கிடக்கும் அந்தப் புழு, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகி நுரையீரல் வரை பரவி ஆளையே முடித்துவிடும். முன்கூட்டியே ஐவர்மெக்டின் கொடுத்தால் தீர்கிற சங்கதி. ஸ்டீராய்டு எழுதுமுன், "ஐயா, வயக்காட்டுல வெறுங்காலோட வேலை பார்த்திருக்கீங்களா?" என்று எத்தனை டாக்டர் கேட்கிறார்?