கம்பசுக்குப் போகும் பிள்ளைக்கு எந்த இலக்கணம்?

ஏ.எல். பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து, பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது என்று லயமே சந்தோஷப்பட்டு முடிவதற்குள் அப்புத்தளைப் பக்கத்து வீடுகளில் ஒரு கவலை தலைகாட்டும். 13 வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு இனி விரிவுரை, ஒப்படை, பரீட்சை எல்லாம் இங்கிலிஷில். "ஓ.எல்.லில இங்கிலிஷுக்கு நல்ல ரிசல்ட்தானே எடுத்தா சேர், பிறகு ஏன் ஒரு பக்கம் எழுதச் சொன்னா முழிக்கிறா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுதலாகவே சொல்கிறேன்.

பிள்ளைமேல் குற்றம் இல்லை. ஓ.எல். வினாத்தாளுக்குக் கோடிட்ட இடம் நிரப்பவும் சின்னக் கடிதம், சின்னக் கட்டுரை எழுதவும் தெரிந்தால் போதும். ஏ.எல்.லில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது, ஆனால் அது இஸட் புள்ளியில் சேராது. இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் டியூசன் ஓடும் பிள்ளை, புள்ளியில் சேராத பாடத்துக்கு எங்கிருந்து நேரம் எடுக்கும்? மலையகத்துக்கு இதற்கு மேலும் ஒரு பின்னடைவு உண்டு. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். நாட்டின் மற்றப் பள்ளிக்கூடங்கள் எப்போதோ ஓடத் தொடங்கிய ஓட்டத்தில் நம் பிள்ளைகள் பிந்திச் சேர்ந்தவர்கள்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் வந்தது. தேயிலைத் தொழினுட்பமே அங்கே ஒரு பட்டப்படிப்பு. கொழுந்து எடுக்கும் தாயின் மகள் அதே கொழுந்தின் இரசாயனத்தைப் பற்றி ஆய்வறிக்கை எழுதக்கூடிய இடம் அது, அதுவும் நம் மாவட்டத்திலேயே. அந்த அறிக்கைக்குக் குறுக்கே ஆங்கில இலக்கணம் நிற்கக்கூடாது. அதற்கு வேண்டிய இலக்கணத்தில் பெரும்பகுதி அவளிடம் தமிழாக ஏற்கெனவே இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம். அதை எழுப்பிவிடாமல், டென்ஸ் அட்டவணையை மறுபடியும் முதல் வரியிலிருந்து ஓதவைப்பது பிள்ளையின் காலத்தை வீணாக்கும் வேலை.

அட்டவணை ஏன் போதாது? டக்ளஸ் பைபரும் அவரோடு நான்கு பேரும் சேர்ந்து 1999இல் லாங்மன் நிறுவனத்துக்காக ஒரு பெரிய இலக்கண நூல் எழுதினார்கள். பேச்சு, கதை, பத்திரிகை, ஆய்வெழுத்து என்று கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் ஏற்றி, எந்த அமைப்பு எங்கே எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆய்வெழுத்தில் காலம் காட்டும் வினைகளில் ஏறத்தாழ 25 வீதம் செயப்பாட்டுவினை. பேச்சில் அது 2 வீதம்தான். வகுப்பில் நாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் 'இஸ் கோயிங்', 'இஸ் ஈட்டிங்' வகை ஆய்வெழுத்தில் மிக அரிது. அப்படியென்றால் பிள்ளை படித்த இலக்கணம் பிழையானது என்று ஆகாது. எது எங்கே வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பட்டப்படிப்பின் முதல் வருடத்தில் மாணவி ஒருத்தி தேயிலை ஸ்டோருக்குப் போய்விட்டு வந்து அறிக்கை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன ஸ்டோராகவே இருக்கட்டும். அவள் மனதில் ஓடும் தமிழ் இது: "கொழுந்தைப் பரப்பி, காற்று விட்டு, 14 மணித்தியாலம் வாட்டி, பிறகு உருட்டினார்கள்." அழகான வசனம். மூன்று வினையெச்சம், ஒரு முற்று. இதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் 'தே ஸ்ப்ரெட்', 'அண்ட் தே', 'அண்ட் தே' என்று நீளும். யார் அந்த 'தே' என்று விரிவுரையாளர் சுழித்துவிடுவார்.

தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விட்டுவிடலாம். 'வாட்டணும், உருட்டணும்' என்றால் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கில வசனத்துக்கு எழுவாய் இல்லாமல் ஆகாது. செய்தவர் முக்கியமில்லை, செய்யப்பட்ட பொருளே முக்கியம் என்ற இடத்தில், அந்தப் பொருளையே எழுவாயாக நிறுத்த ஆங்கிலம் கண்ட வழிதான் செயப்பாட்டுவினை. 'தி லீவ்ஸ் வேர் விதர்ட் ஃபார் 14 அவர்ஸ் அண்ட் தென் ரோல்ட்.' முடிந்தது. 'தே' எங்கும் இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் 'ராமா பாம்பைக் கொன்றான், பாம்பு ராமாவால் கொல்லப்பட்டது' என்று மாற்றி மாற்றி எழுதவைத்தோமே, அதில் இந்தக் காரணம் எங்கேயும் சொல்லப்படவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளை அந்த அமைப்பைத் தானாகவே தேடி எடுப்பாள்.

வினையெச்சத்தோடு வரும் இன்னொரு பிழையையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'ஆஃப்டர் விசிட்டிங் தி ஃபாக்டரி, தி ரிப்போர்ட் வாஸ் ரிட்டன்' என்று எழுதுவார்கள். போய்ப் பார்த்தது யார்? அறிக்கையா? ஆங்கில ஆசிரியர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து, பெரிய பாடமாக நடத்துவார்கள். நான் தமிழில் கேட்கச் சொல்வேன்: "ஸ்டோரைப் பார்த்துவிட்டு, அறிக்கை எழுதப்பட்டது." காது உடனே உறுத்தும். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது, தமிழ்ப் பாடத்தில் பிள்ளையும் படித்துவிட்டாள். ஆங்கில எச்சத்துக்கும் அதே நியாயம்தான். எழுவாய் மாறினால் தமிழில் 'மழை பெய்ய, கொழுந்து துளிர்த்தது' என்று எச்சத்தை மாற்றிக்கொள்கிறோம், ஆங்கிலத்தில் 'வென்' போட்டு எழுவாயை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். இதைத் தமிழ் வாத்தியாரும் இங்கிலிஷ் டீச்சரும் ஒரு நாள் ஒரே வகுப்பில் நின்று நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே விதியை இரண்டு பெயரில் நடத்துகிறார்கள்.

காலத்துக்கு வருவோம். ஸ்டோரில் அன்றைக்கு நடந்தது இறந்தகாலம், எப்போதும் உண்மையாக இருப்பது நிகழ்காலம். ஆய்வெழுத்தில் பெரும்பாலும் இந்த இரண்டை வைத்தே ஓட்டிவிடலாம். சறுக்கல் எங்கே என்றால், என்றும் உள்ள உண்மையைத் தமிழ் எதிர்கால வடிவத்தில் சொல்லும். 'கச்சான் காலத்தில் ஊவாத் தேயிலையின் வாசனை கூடும்.' இதைப் பிள்ளை 'வில் இன்க்ரீஸ்' என்று எழுதுவாள், வாசிப்பவரோ ஏதோ ஜோசியம் என்று எடுத்துக்கொள்வார். 'இன்க்ரீசஸ்' போதும். 'வில்' எழுதுமுன், இது இனிமேல் நடக்கப்போவதா, எப்போதும் நடப்பதா என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

'எ', 'தி' இரண்டும்தான் எல்லோரையும் ஆட்டிப்படைக்கின்றன. தமிழில் இவை இல்லை, ஆகவே மனப்பாடம்தான் வழி என்று நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். 'கங்காணி கொழுந்து நிறுத்தார்' என்பதற்கும் 'கங்காணி கொழுந்தை நிறுத்தார்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா? முதலாவது ஒரு வேலையைச் சொல்கிறது. இரண்டாவதில் எந்தக் கொழுந்து என்று கேட்பவருக்கும் தெரியும். அந்த 'ஐ' செய்கிற வேலையில் ஒரு பங்கைத்தான் ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. இருவருக்கும் தெரிந்த பொருள் என்ற உணர்வு நம் பிள்ளைக்குப் பால்குடி நாளிலிருந்தே உண்டு. ஐயுருபு செயப்படுபொருளில் மட்டும் வரும், 'தி' எல்லா இடத்திலும் வரும் என்பதால் இந்த வழி பாதித் தூரத்துக்குத்தான் கொண்டுபோகும். மீதியைப் பழக்கத்தால்தான் பிடிக்க முடியும். முதல் தடவை சொல்லும்போது 'எ சாம்பிள்', அடுத்த வரியில் 'தி சாம்பிள்'. 'ரிசர்ச்', 'எவிடன்ஸ்', 'எக்விப்மென்ட்' போன்றவற்றுக்கு எண்ணிக்கையே கிடையாது, ஆகவே 'எ'யும் இல்லை, 'எஸ்'ஸும் இல்லை. இந்த வகைச் சொற்களை மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வெழுத்து கடினமாகத் தெரிவதற்குப் பெயர்ச்சொற்களைக் கோத்துக் கட்டும் முறைதான் காரணம். 'கச்சான் காலத்தில் ஊவா மலைகளில் எடுத்த கொழுந்தின் வாசனை' என்று பாருங்கள். தலைச்சொல் 'வாசனை' கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னுக்கு வந்துவிடும்: 'தி அரோமா ஆஃப் லீவ்ஸ் பிளக்ட் இன் தி ஊவா ஹில்ஸ் டியூரிங் தி ட்ரை சீசன்.' தமிழ்த் தொடரை வாலிலிருந்து தலைக்கு வாசித்தால் ஆங்கில ஒழுங்கு கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. வாசனை, கொழுந்து, எடுத்தல், மலை, காலம். பெயரெச்சம் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பிற்பகல் வேலை. தினமும் நாலு தொடரைத் திருப்பிப் பழகினாலே பாடப்புத்தகம் வாசிப்பதும் இலேசாகும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்ற அளவு. நம் பிள்ளைகள் 'திஸ் ப்ரூவ்ஸ்' என்று பட்டென்று எழுதிவிடுகிறார்கள். ஊவாத் தேயிலையின் தனி வாசனையை மெதைல் சலிசிலேற்று என்ற சேர்மத்தோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துவார்கள். நாலு சாம்பிளைச் சோதித்த மாணவி அதை நிரூபித்துவிட்டதாக எழுத முடியாது. 'சஜெஸ்ட்ஸ்' என்றோ, 'மே பி லிங்க்ட்' என்றோதான் எழுதலாம். கென் ஹைலண்ட் 1998இல் இந்தத் தணிப்புச் சொற்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். விஞ்ஞானக் கட்டுரையில் அவை பயத்தால் வருவதில்லை, கிடைத்த சான்றின் எடைக்கு ஏற்ப வருகின்றன. இந்த நேர்மை தமிழுக்குப் புதிதா என்ன? கண்ணால் காணாததைச் சொல்லும்போது 'துரை மாறுறாராம்' என்று ஒரு 'ஆம்' போடுகிறோம். இதல்கஸ்ஹின்னைப் பக்கம் மூடமாக இருந்தால் 'மழை வரும் போல' என்கிறோம். 'இருக்கலாம்', 'இருக்கக்கூடும்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படி வைத்திருக்கிறோம். பாட்டி பேச்சில் இருக்கும் இந்த நிதானத்தைப் பிள்ளை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனால் போதும். மற்றவர் கருத்தை எடுத்துச் சொல்லும்போதும் இதே கதைதான். 'ஃபவுண்ட்' என்றால் அவர் கண்டதை நீங்களும் ஏற்கிறீர்கள், 'க்ளெய்ம்ட்' என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்கள்.

திருத்துவதைப் பற்றி ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. தைவானில் கற்பித்த ஜான் டிரஸ்காட், எழுத்தில் இலக்கணப் பிழை திருத்துவதால் பயனில்லை, அதைக் கைவிட வேண்டும் என்று 1996இல் வாதிட்டார். 1999இல் டானா ஃபெரிஸ் அதை மறுத்தார். விவாதம் நீண்டுகொண்டே போயிற்று. நான் ஃபெரிஸ் பக்கம், ஆனால் டிரஸ்காட் எழுப்பிய கவலையை மறக்காமல். ஒரு பக்கத்தில் முப்பது சிவப்புக் கோடு கண்ட பிள்ளை ஒன்றையும் கற்றுக்கொள்வதில்லை, பேனாவை மூடிவிடுகிறது. இந்த வாரம் 'வில்' மட்டும், அடுத்த வாரம் எச்சத்தின் எழுவாய் மட்டும் என்று ஒவ்வொன்றாகக் கோடிடுங்கள். மீதியைக் கண்டும் காணாமல் விடுங்கள்.

கம்பஸ் தொடங்குவதற்கு முன் வீட்டில் இருக்கும் மாதங்களில் என்ன செய்யலாம் என்று கேட்டால், தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, முன்னால் வரும் சுருக்கத்தை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொல்லுங்கள். கட்டுரை எதைப் பற்றியது என்று நம் பிள்ளைக்கு முன்பே தெரியும். வாட்டலும் உருட்டலும் அவள் வீட்டுப் பேச்சு. ஆகவே கண் முழுவதும் இலக்கணத்தில் இருக்கும். முதல் தரம் வினைகளுக்கு மட்டும் கோடு: எது இறந்தகாலம், எது நிகழ்காலம், எதில் செயப்பாட்டுவினை. இரண்டாம் தரம் ஒவ்வொரு 'தி'க்கும் பக்கத்தில் 'எந்த?' என்று எழுதி, பதில் மேலே எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டும். மூன்றாம் தரம் 'மே', 'சஜெஸ்ட்', 'அப்பியர்' என்று தணிப்புச் சொற்களுக்கு வட்டம். பிறகு கட்டுரையை மூடிவைத்துவிட்டு, தானே பார்த்த ஸ்டோரைப் பற்றி ஐந்து வசனம் எழுதட்டும். 'தே' வராமல்.