கெடாவிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

"போகும்போது ஒன்றரை மணி நேரத்துல இறங்கிட்டோம். வரும்போது ஆறரை மணி நேரம் ஆச்சு தம்பி. பிளேன் சுத்திக்கிட்டு வருதா?" பீடோங் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இது. தே தாரிக் ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம்.

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,630 கிலோமீட்டர். எந்தப் பக்கம் போனாலும் பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். மாறுவது கடிகாரம். நம் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. காலை 9 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் இங்கே மதியம் 1 மணி, சென்னையிலோ 10.30தான். திரும்பும்போது அதே இரண்டரை மணி கூடிவிடுகிறது.

சூரியனை மட்டும் கேட்டால், கெடாவுக்கும் சென்னைக்கும் வித்தியாசம் 80 நிமிடம்தான். தீர்க்கரேகையில் 20 பாகை இடைவெளி. பாகைக்கு 4 நிமிடம். மீதி நாமே வைத்துக்கொண்டது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்தோடு சேர்வதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதுவரை இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். நம் ஊரில் காலை ஏழு மணிக்கும் வெளிச்சம் முழுதாக வராததற்குக் காரணம் இதுவே.

காற்றும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடல்மேல் கிழக்கு நோக்கி வீசும். பழைய கெடாவான கடாரத்துக்கு வந்த பாய்மரக் கப்பல்களுக்கு அது துணை. அதே மாதங்களில் விமானம் பறக்கும் உயரத்திலோ காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. அதனால் சென்னைக்குப் போகிற விமானத்துக்கு அது கைகொடுக்கும். திரும்புகிற விமானத்தை எதிர்க்கும்.

கெடாக்காரர்கள் கணக்கிட வேண்டியது வீட்டு வாசலிலிருந்து ஆகும் நேரம். சுங்கைப்பட்டாணியிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்குச் சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல். தெற்கே அவ்வளவு தூரம் போய்த்தான் வடமேற்கே பறக்கிறோம். பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்குத் தூரமும் குறைவு, சுமார் 2,370 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் இண்டிகோ அந்த வழியில் நேரடிச் சேவையைத் தொடங்கியது. டிக்கெட் எடுக்குமுன் முதலில் பினாங்கைப் பாருங்கள். இருநூறு ரிங்கிட் கூடினாலும், வயதானவர்களுக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம் மிச்சமாவது பெரிய விஷயம்.

இன்னொன்று: டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். 15ஆம் தேதி 12.30 ஏ.எம். என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், கிளம்பும் நாள், இறங்கும் நாள், இரண்டு ஊர் நேரம் எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர்கள் கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.