சாவி செய்யும் மென்பொருள்: சமையல் குறிப்பு யாருடையது?

"நானே கம்பைல் செய்தேன்" என்று சொல்பவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டி, ஜென்டூ போன்ற இயங்குதளங்களில் மென்பொருளை மூல நிரலாக இறக்கி நம் கணினியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். மின்னஞ்சலைப் பூட்டவும் கையொப்பமிடவும் உதவும் க்னூபிஜியும் அப்படிக் கிடைக்கிறது. ஆனால் எங்கிருந்து இறக்குவது, எந்தத் திருத்தத்தை ஒட்டுவது என்ற குறிப்பை எழுதுபவர் தொகுப்புப் பராமரிப்பாளர், பெரும்பாலும் தன்னார்வலர். நாம் அடுப்பைப் பற்றவைக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? 2006இல் டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக இரண்டு வரிகள் முடக்கப்பட்டன. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. சாவி யூகிக்க முடியாததாக அமையத் தேவையான தரவைக் கலக்கும் வேலை அந்த வரிகளோடு போய்விட்டது. மிஞ்சியது செயல்முறை எண் ஒன்றுதான்; அதற்கு 32,768க்கு மேல் வாய்ப்பில்லை. அத்தனை சாவிகளையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்! 2008 மே மாதம்தான் இது வெளிவந்தது. நிரல் அதுவரை எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. க்னூபிஜியில் செய்த சாவிகள் தப்பின, அது தனி நிரல் என்பதால்.

தொகுப்பவரின் சொந்தச் சாவி பறிபோவது இன்னொரு ஆபத்து. 2012 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டியின் இரண்டு கணினிகளில் ஊடுருவல் தெரியவந்தது. நிரலில் ஓட்டை இல்லை. நிரலாளர் ஒருவர் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படுத்திய எஸ்எஸ்எச் சாவி கசிந்திருந்தது.

சரி, நமக்கு என்ன உரிமை? க்னூபிஜி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதை இயங்குநிலையில் தருபவர் மூல நிரலும் கிடைக்க வழி செய்ய வேண்டும். நாம் மாற்றலாம், பகிரலாம். ஃப்ரீபிஎஸ்டியில் ஒட்டப்படும் திருத்தங்கள் அந்தந்தத் தொகுப்பின் 'ஃபைல்ஸ்' அடைவில் கிடக்கும். திறந்து படியுங்கள், பெரும்பாலும் சில வரிகள்தான்.

இறக்கிய கோப்பின் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் கட்டுமானம் நின்றுவிடும். எரிச்சலில் பலர் அந்தச் சோதனையையே அணைத்துவிட்டு மேலே போகிறார்கள். சாவி மென்பொருளுக்கு அதைச் செய்யவே கூடாது. தொகுப்பின் மேக்ஃபைல் என்ற குறிப்புக் கோப்பில் பராமரிப்பாளரின் மின்னஞ்சல் இருக்கும், அவருக்கு எழுதுங்கள். செக்சம் பொருந்தினாலும், அவர் இறக்கிய அதே கோப்புதான் நமக்கும் வந்தது என்றே பொருள். அது மென்பொருள் ஆசிரியருடையதுதானா என்பதை ஆசிரியரின் கையொப்பம் சொல்லும். அந்தக் கையொப்பச் சாவியைச் சரிபார்க்க முழுக் கைரேகை எண் வேண்டும். எட்டு எழுத்துக் குறுக்க எண்ணைப் போலியாக உருவாக்க முடியும்.

கெட்ட தொகுப்பில் ஒரு சாவி உருவாகிவிட்டதா? மென்பொருளைப் புதுப்பித்தால் சாவி குணமாகாது. புதிய சாவி செய்ய வேண்டும். பழையது எஸ்எஸ்எச் சாவியானால், அதை அனுமதித்த ஒவ்வொரு சேவையகத்திலிருந்தும் நீக்க வேண்டும்; க்னூபிஜி சாவியானால், ரத்து செய்ய வேண்டும். க்னூபிஜி 2.1 முதல், சாவி உருவாகும்போதே அதை ரத்து செய்யும் சான்றிதழும் தானாக எழுதப்படுகிறது. அதை அச்சிட்டுக் கணினிக்கு வெளியே வையுங்கள். தவறுதலாக ரத்தாகிவிடாதபடி முதல் கோட்டுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்திருப்பார்கள். தேவைப்படும் நாளில் முதலில் அந்தப் புள்ளியை அழிக்க வேண்டும்.