புள்ளி மறையும் இடம்: பழைய நாளிதழ்ப் படிமங்களும் ஒளிச் சீரமைப்பும்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் இதழியல் வரலாற்றை ஆராய்வோர் மூல இதழைக் கையில் ஏந்திப் படிக்கும் வாய்ப்பு இன்று அரிது. 1887இல் சிங்கப்பூரில் தோன்றிய சிங்கை நேசன், 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன், 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய பக்கங்களைப் பெரும்பாலும் நுண்படச் சுருள் வழியாகவோ எண்ணியல் படிமம் வழியாகவோதான் காண்கிறோம். படிமம் மங்கலாக இருந்தால் மென்பொருளைத் திறந்து வெளிச்சத்தைச் சற்றே கூட்டுகிறோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வது போன்ற செயலாகவே இதனைக் கருதுகிறோம். உண்மையில் இது படிமத்திலுள்ள எண்களையே மாற்றிவிடும் கணக்கு. அவ்வாறு மாறியவற்றுள் சிலவற்றை மீட்க இயலாது. தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை முதலில் பாதிக்கப்படுபவை மெய்யெழுத்தின் புள்ளியும் இரட்டைக் கொம்பின் சுழியுமே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோக்கத்திற்குப் பின்னால் என் பிழையொன்று உண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டு நூலகம் ஒன்றில் நுண்படச் சுருளிலிருந்து படிமங்கள் எடுத்தேன். அவை இருண்டு கிடந்தமையால் அனைத்தையும் ஒரே அளவில் வெளுக்கச் செய்து, மூலக் கோப்புகளின் மீதே சேமித்தேன். அவற்றுள் தோட்டப்புறத்தைப் பற்றிய சிறு செய்தி ஒன்றனைப் ‘பல மருத்துவர் வருகை’ எனப் படித்து, தோட்ட மருத்துவ வசதி பற்றி ஒரு பத்தியும் எழுதினேன். பல்லாண்டுகள் கழித்து அச்சுருளை மீண்டும் பார்க்க நேர்ந்தபோதுதான் அது ‘பல் மருத்துவர் வருகை’ என்பது தெரிந்தது.

‘மருத்துவர்’ என்ற சொல்லிலும் புள்ளிகள் மறைந்தே இருந்தன. ஆயினும் ‘மருததுவர’ என்றொரு சொல் தமிழில் இல்லை. எனவே கண் தானே புள்ளியிட்டுப் படித்துக்கொண்டது. ‘பல’ என்பதோ முழுமையான சொல். அங்கே ஐயம் எழவே இல்லை. இடர் இருப்பது இத்தகைய இடங்களில்தான். ஏட்டுச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஏடுகளில் தெளிவாக இராது. அதனை அறிந்த பதிப்பாசிரியர் விழிப்புடன் படித்தார். அச்சிதழில் புள்ளி உண்டு என்ற நம்பிக்கையோடு படிக்கும் நமக்கு அவ்விழிப்பு இருப்பதில்லை.

இனி, கணக்கிற்கு வருவோம். சாம்பல் நிறப் படிமம் என்பது பிக்சல் எனப்படும் சிறு கட்டங்களின் தொகுதி. வழக்கமான 8 பிட் கோப்பில் ஒவ்வொரு கட்டமும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைப் பெறும். 0 முழுக் கருமை. 255 முழு வெண்மை. பழைய பக்கமொன்றில் தாளின் மதிப்பு 175, மை மங்கிய புள்ளியின் மதிப்பு 150, எழுத்தின் அழுத்தமான கோடு 20, இரட்டைக் கொம்பின் மேற்சுழிக்குள் அகப்பட்ட இடம் 50 எனக் கொள்வோம். புள்ளிக்கும் தாளுக்கும் இடைவெளி 25. கோட்டிற்கும் சுழியின் உட்புறத்திற்கும் இடைவெளி 30.

பிரைட்னஸ் எனும் ஒளிர்வு, அடிப்படையில் ஒரு கூட்டல். எல்லா மதிப்புகளோடும் 105ஐக் கூட்டினால் தாள் 280 ஆக வேண்டும்; மேல் எல்லை 255 என்பதால் அங்கேயே நின்றுவிடும். புள்ளியும் 255ஐ அடையும். இரண்டும் ஒன்றான பின்னர், சேமித்த கோப்பில் 105ஐக் கழித்தாலும் இரண்டும் 150 ஆகுமேயன்றிப் பிரியமாட்டா. என் ‘பல்’ ‘பல’ ஆனது இவ்வாறுதான்.

கான்ட்ராஸ்ட் எனும் ஒளிமாறுபாடு, நடு மதிப்பாகிய 128இலிருந்து ஒவ்வொரு மதிப்பும் விலகியிருக்கும் தொலைவைப் பெருக்குவது. இருமடங்காக்கினால் தாள் 222, புள்ளி 172. இடைவெளி 25இலிருந்து 50 ஆகிறது; புள்ளி பளிச்சென்று தெரிகிறது. நாம் மகிழ்கிறோம். அதே நொடியில் கோடும் சுழியின் உட்புறமும் 0க்குக் கீழே தள்ளப்பட்டு இரண்டும் முழுக் கருமையாகின்றன. சுழி அடைபட்டுக் கரும்பொட்டாகிறது. ‘கோடி’ எனும் சொல்லைக் ‘கொடி’ என மயங்குவதற்கு இது போதும். நன்கொடைப் பட்டியலையோ ஊர்வலச் செய்தியையோ படிப்பவருக்கு இம்மயக்கம் சிறிதன்று. மேலும், தாளில் படிந்த தூசியும் இம்முறையில் கருமை பெற்றுப் புள்ளியாய் நிற்கக்கூடும்.

ஃபோட்டோஷாப் மென்பொருளில் 2007ஆம் ஆண்டின் சிஎஸ்3 பதிப்பு முதல் இவ்விரு கருவிகளும் எல்லையில் அவ்வளவு எளிதாக வெட்டாதவாறு மாற்றப்பட்டன. பழைய கணக்கும் ஒரு தெரிவாக அதிலேயே இருக்கிறது. ஆதலின், எந்தக் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சோதித்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

காமா வேறு வகையானது. மதிப்பை 255ஆல் வகுத்து, அதனை ஓர் அடுக்கிற்கு உயர்த்தி, மீண்டும் 255ஆல் பெருக்குவதே அதன் கணக்கு. ‘லெவல்ஸ்’ பெட்டியில் மூன்று முக்கோணக் குறிகளுள் நடுவிலுள்ளது இதுவே. 0 எப்போதும் 0 ஆகவும் 255 எப்போதும் 255 ஆகவும் இருக்கும். எதுவும் எல்லைக்கு வெளியே தள்ளப்படுவதில்லை. காமாவை 2 என வைத்தால் அடுக்கு அரையாகும்: கோடு 71, சுழியின் உட்புறம் 113. இடைவெளி 30இலிருந்து 42 ஆகி, சுழி திறந்துகொள்கிறது. ஆனால் தாள் 211, புள்ளி 196. இடைவெளி 15 ஆகச் சுருங்குகிறது. காமாவை 0.5 என வைத்தால் நிலைமை தலைகீழாகும்: தாள் 120, புள்ளி 88. படிமம் இருள்கிறது, புள்ளியோ 32 அளவு விலகித் தெளிவாகிறது.

மங்கிய புள்ளியைத் தேடுவோர் படிமத்தை இருளச் செய்ய வேண்டும் என்பது பலருக்கும் வியப்பளிக்கிறது. வெளிச்சம் கூடினால் எழுத்து தெரியும் என்ற பழக்கமே நம்மை வழிதவறச் செய்கிறது. ஆகவே, ஐயத்திற்குரிய சொல்லை ஒருமுறை காமா உயர்த்தியும் ஒருமுறை தாழ்த்தியும் பார்த்தல் தேவை. இரண்டையும் ஒரே படிமத்தில் பெற முயல்வது வீண்.

காமாவும் முற்றிலும் இழப்பற்றதன்று. 8 பிட்டில் முழு எண்களாகச் சுருக்கும்போது அண்டை மதிப்புகள் சில ஒன்றாகிவிடும். 65,536 படிநிலைகள் கொண்ட 16 பிட் கோப்பாக வருடினால் இவ்விழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. கறுப்பு, வெள்ளை என இரண்டே மதிப்புகள் கொண்ட 1 பிட் படிமத்திற்கோ எக்கருவியும் உதவாது; அதில் தாளோடு கலந்துவிட்ட புள்ளியைத் தேட மூலச் சுருளுக்கே செல்ல வேண்டும். நுண்படம் எடுத்தபோதே மறைந்த புள்ளியாயின், சுருளுக்கும் அப்பால், தாளிதழையே நாட வேண்டும்.

திரையும் ஒரு காரணி. மெக்கின்டாஷ் கணினிகளின் இயல்பு காமா 2009 வரை 1.8 ஆகவும், விண்டோஸ் கணினிகளில் அது 2.2 ஆகவும் இருந்தமையால், ஒரே கோப்பு இரு மேசைகளில் இரு வகையாகத் தெரிந்தது. இன்று இவ்வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயினும் மடிக்கணினியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு படிமத்தைத் திருத்துவது இப்போதும் நம்மிடையே உள்ள வழக்கமே.

இப்போது எங்கள் மாணவர்கள் மூலக் கோப்பை டிஃப் வடிவில் தொடாமல் வைத்து, திருத்தங்களைப் படியில் மட்டும் செய்கின்றனர். மேற்கோள் காட்டும் சொல் ஐயத்திற்குரியதாயின், எந்தக் காமா மதிப்பில் படித்தோம் என்பதையும் அடிக்குறிப்பில் எழுதுகின்றனர். தொடக்கத்தில் இதனை வீண்வேலை என்றனர். என் ஆய்வேட்டின் அந்தப் பத்தியைக் காட்டிய பிறகு எவரும் அவ்வாறு கூறவில்லை. அப்பத்தியை நான் நீக்கிவிட்டேன். பல் மருத்துவர் ஒருவர் தோட்டத்திற்கு வந்தார் என்ற ஒரு வரி மட்டும் அவ்விடத்தில் உள்ளது.