ஒரு வீடு... ரெண்டு காலேஜ் ஐ.டி. கார்டு!

ஜூன் மாசம் உங்க வீட்டுலயும் இந்த சீன் ஓடுதா பாஸ்?

ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அப்பா பழைய டைரி ஒண்ணைத் திறப்பார். ஒரு பக்கம் உங்க காலேஜ் ஃபீஸ், பஸ் ஃபீஸ். இன்னொரு பக்கம் தங்கச்சியோட அட்மிஷன். கூட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம மூடிடுவார். கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா மெதுவா ஆரம்பிப்பாங்க... ‘நீ வேணா இப்போதைக்கு கரஸ்ல சேர்ந்துக்கோயேன்டி. அண்ணன் முடிச்சு வேலைக்குப் போயிட்டா உன்னைப் பார்த்துப்பான்.’

இந்த டயலாக் பெரும்பாலும் தங்கச்சிகிட்டதான் வரும், கவனிச்சீங்களா? மூத்தவன் ஃபீஸ் கட்டியாச்சு, அதனால இளையவ படிப்பு சுருங்கணும்! இதை மாத்த முடியாதா?

ஓரளவுக்கு முடியும். எந்த உதவித் திட்டத்தைப் பார்த்தாலும் முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘இது வீட்டுக்கா, தலைக்கா?’

வீட்டுக்கு ஒண்ணு!

முதல் பட்டதாரி சலுகை எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டில் தொடங்கினது. கவுன்சிலிங் மூலமா தொழிற்கல்வியில சேர்ற, குடும்பத்தோட முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. சாதி, வருமானம் எதுவும் பார்க்கறதில்லை. ஆனா, பேரிலேயே விஷயம் இருக்கு... ‘முதல்’! அண்ணன் இந்தச் சலுகையை வாங்கிட்டா தம்பிக்குக் கிடையாது. அக்கா பி.ஏ. முடிச்சு டிகிரி வாங்கியிருந்தாலும் தங்கச்சிக்கு நோ. இது தெரியாம, ரெண்டாவது பிள்ளைக்கும் இது உண்டுன்னு கணக்குப் போட்டு, கவுன்சிலிங் நேரத்துல திண்டாடாதீங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் இது பொருந்தாது.

வீட்டுக்கு ரெண்டு!

ஏ.ஐ.சி.டி.இ. தர்ற ‘பிரகதி’ ஸ்காலர்ஷிப் பெண்களுக்கானது. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற டிகிரி, டிப்ளமோ படிப்புகளில் சேர்றவங்களுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், மெரிட்படி தேர்வு. முக்கியமா, ஒரு குடும்பத்துல ரெண்டு பெண்கள் வரை வாங்கலாம். அக்கா வாங்கறாங்களேன்னு தங்கச்சி சும்மா இருக்க வேண்டாம்.

தலைக்கு ஒண்ணு!

அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச மாணவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. ரெண்டுமே படிக்கிறவங்க பேர்லதான் வரும். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்தே வாங்கலாம். ‘ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?’ங்கறீங்களா? ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 24,000. பஸ் பாஸ், ஜெராக்ஸ், எக்ஸாம் ஃபீஸுக்காக அப்பாகிட்ட கை நீட்டாம இருக்கலாமே!

அதே மாதிரி 2021-ல் இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்கல்விக்கு வந்த 7.5 சதவிகித இட ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. இதுல சீட் கிடைச்சா கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் ரெண்டையும் அரசே ஏத்துக்கும்னு அப்போ அறிவிச்சாங்க. அண்ணன் ஏற்கெனவே படிக்கிறான்கிறது இதுக்குத் தடை இல்லை.

லோன் மேட்டர்!

இப்ப நம்ம கதை. நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். என் பேர்ல கல்விக் கடன் ஓடுது. போன வருஷம் தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைச்சது. அதே பேங்க், அதே கிளை. ‘ஏற்கெனவே பையனுக்கு ஒரு லோன் இருக்கே... அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’னாங்க. அப்பா ‘சரிங்க சார்’னு எழுந்து வந்துட்டார். எனக்குப் பஸ்ல பேச்சே வரலை. என் லோன்தானே அவளுக்குக் குறுக்கே நிக்குது!

அன்னிக்கு ராத்திரி தேடிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்துல தெளிவாவே இருக்கு: அண்ணன், அக்கா பேர்ல லோன் இருக்கறது, அதே வீட்டுல இன்னொருத்தர் கடன் வாங்கற தகுதியைப் பாதிக்காது. இன்னொண்ணும் இருக்கு. கிளையில இருக்கறவங்க தானா நிராகரிக்கக் கூடாது, மேலதிகாரியோட சம்மதம் வேணும், காரணத்தையும் சொல்லணும்.

அதைப் பிரின்ட் எடுத்துட்டுப் போனோம். ‘முடியாதுன்னா எழுதிக் கொடுங்க சார்’னு அப்பாவே கேட்டார். யாரும் எழுதிக் கொடுக்கலை... மூணு வாரத்துல லோன் வந்தது! ஆனா, அதுக்குள்ள காலேஜ் கெடு முடிஞ்சதால, முதல் தவணைக்கு அம்மா செயின் அடகுக் கடைக்குப் போயிடுச்சு. இன்னும் திரும்பலை. அந்த விதி ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அது இப்பவும் அம்மா கழுத்துலதான் இருந்திருக்கும்.

அதனால வாயால கேட்டுட்டுத் திரும்பி வராதீங்க. வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணுங்க. அப்ளிகேஷன் நம்பர் கையில இருந்தா ‘அப்படி யாரும் வரலையே’ன்னு சொல்ல முடியாது.

கொஞ்சம் உஷார்!

லோன் இனாம் இல்லை மக்களே. வழக்கமா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு தவணை ஆரம்பிக்கும். ஆனா, வட்டி முதல் நாள்லேர்ந்தே ஏறும். ரெண்டு லோன்லயும் கூட்டா கையெழுத்துப் போட்டிருக்கறது அதே அப்பாதான்! எங்க வீட்டுல என் தவணை ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல தங்கச்சியோடதும் ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள என்னோடதை எவ்வளவு குறைக்கிறேனோ, அவ்வளவு அவளுக்கு மூச்சு விட இடம். பார்ட் டைம்ல கிடைக்கறதுல மாசம் 500 ரூபாய் இப்பவே வட்டிக்குக் கட்டிட்டு வர்றேன்.

அப்புறம், சில ஸ்காலர்ஷிப் வாங்கினா இன்னொண்ணு வாங்க முடியாது. விதியைப் படிச்சுட்டு, பெருசு எதுவோ அதைப் பிடிங்க. வருமானச் சான்றிதழை அட்மிஷன் வரைக்கும் காத்திருக்காம ரிசல்ட்டுக்கு முன்னாடியே வாங்கி வைங்க.

இன்னிக்கு ராத்திரி அப்பா டைரியைத் திறந்தா ரூமுக்குள்ள போயிடாதீங்க. பக்கத்துல போய் உட்காருங்க. தம்பி, தங்கச்சியையும் கூப்பிடுங்க. ‘இது வீட்டுக்கா, தலைக்கா?’ன்னு ஒவ்வொரு வரியா பாருங்க. நாம அட்மிஷன் போட்டு, ஃபார்ம் நிரப்பி, ஒரு தடவை அலைஞ்சு பார்த்தவங்க. அந்த அனுபவத்தை அடுத்தவங்களுக்குக் கொடுக்கறதுக்கு ஃபீஸே கிடையாது!